ஆறுசக்கரம் எழுதிக் கொடுத்த காரணம்

லோடு ஏறும்வரை டிரைவர்களுக்கு வேலை இல்லை. யார்டில் கிரேன் ஒன்று, வண்டிகள் ஏழு. காத்திருக்கும் நேரத்துக்கு அவர்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். உலகத்தில் எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றால் எதை எடுப்பாய்?

ஒருவன் படுக்கையும் ஃபிரிட்ஜும் வைத்த பதினெட்டுச் சக்கர டிரெய்லர் கேட்பான். இன்னொருவன் சுரங்கத்து டம்பர் கேட்பான். அதன் டயரே தன் வீட்டுக் கூரையைவிட உயரம் என்பான். மூன்றாமவனுக்கு எப்போதும் பிக்கப்தான்.

"வார நாள்ல சிமெண்டு ஏத்தலாம். லீவு நாள்ல மாமியாரை ஏத்தலாம். ரெண்டும் ஒரே வெயிட்டு."

கடைசியில் அவளிடம் வருவார்கள். பதில் தெரிந்தே கேட்பார்கள்.

"உனக்கு என்னக்கா வேணும்?"

"ஆறு சக்கரம். ஆறும் இழுக்கணும்."

"ஏசி?"

"வேணாம்."

"பவர் ஸ்டீயரிங்?"

"கை எதுக்கு இருக்கு?"

இப்படித்தான் அவளுக்கு ஆறுசக்கரம் என்று பெயர் வந்தது. கேலியாக வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பினாள். பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது.

மலை உச்சிவரை நடும் மின்கோபுரங்களுக்கு யார்டிலிருந்து இரும்பு போய்க்கொண்டிருந்தது. பாதை பன்னிரண்டு கிலோமீட்டர், வளைவுகள் ஒன்பது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் அந்தப் பாதைக்கு வந்தபோது அவளுக்குக் கொடுத்த வேலை, நாலாம் வளைவில் கொடி பிடிப்பது. கீழிருந்து வண்டி வந்தால் மேலிருந்து வருவதை நிறுத்த வேண்டும். மேலிருந்து வந்தால் கீழிருந்து வருவதை. ஆறு வருஷம் நின்றாள். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அது எந்த கியரில் வருகிறது, என்ன சுமை, ஓட்டுகிறவன் பயந்திருக்கிறானா என்று சத்தத்தில் தெரிந்துவிடும்.

அவள் சிவப்புக் கொடி காட்டியும் நிற்காமல் போன வண்டி ஒன்றே ஒன்றுதான். பட்டாளத்து வண்டி. மூக்கு நீண்டது, கண்ணாடி இரண்டாகப் பிளந்தது, பின்னால் கித்தான் கூரை. மழையில் இரண்டு நாளாக மற்ற வண்டிகள் அடிவாரத்திலேயே நின்றுகொண்டிருந்தன. இது முழங்கால் அளவு சேற்றில் அவசரமே இல்லாமல் ஏறியது. ஆறு சக்கரமும் தனித்தனியாக மண்ணைக் கவ்வுவதை அவள் பார்த்தாள். ஓட்டியவன் கொடியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அன்று சாயங்காலம் கொடியைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது, இனிமேல் நிற்கிற வேலை வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

கல்யாணம் டயர்காரனோடு நடந்தது. அவன் யார்டில் பஞ்சர் ஒட்டுகிறவன், டயர் மாற்றுகிறவன். மாற்றுவதற்காக வண்டிகளை அங்கேயும் இங்கேயும் நகர்த்துவான். அந்த நகர்த்துகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். முதலில் பத்தடி, பிறகு யார்டைச் சுற்றி. லைசென்சு வாங்கியதும் தண்ணி லாரி கிடைத்தது. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் அப்பா டயர் வேலை, அம்மா டிரைவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். குமாஸ்தா அது கைத்தவறு என்று நினைத்து இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். மறுநாள் அவள் தண்ணி லாரியைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, அவர் திருத்தும்வரை எடுக்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வர வழியில்லாமல் நின்றார்கள்.

"அடித்தல் திருத்தல் இருந்தா மேலே ஒத்துக்க மாட்டாங்கம்மா" என்றார் குமாஸ்தா.

"முதல்ல அடிச்சது நீங்கதானே சார்."

அவள் கொடியை விட்டுப் பதினைந்து வருஷம் கழித்து யார்டுக்கு ஆறு சக்கர வண்டி வந்தது. கடைசி மூன்று கோபுரங்கள் நிற்க வேண்டிய இடத்துக்கு மற்ற வண்டிகள் ஏறவில்லை என்பதால், பட்டாளம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். அதே மூக்கு, அதே பிளந்த கண்ணாடி. டிரைவர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். எஞ்சின் சூடு காலைப் பொசுக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், சீட்டில் உட்கார்ந்தால் முதுகெலும்பு எண்ணிக்கை தெரியும் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

யார்டு சூப்பர்வைசர் நாற்காலியைவிட்டு எழாத மனிதர். ஒன்பது வருஷமாக அந்த மலைக்கு லோடு அனுப்புகிறார். ஒரு முறையும் மலை ஏறியதில்லை.

"இது ஆம்பளை ஓட்டுற வண்டிம்மா."

"ஏன் சார், மீசையா வச்சிருக்கு?"

வெளியூரிலிருந்து ஒரு டிரைவரை வரவழைத்தார். அவன் இரண்டு டிரிப் போய்வந்து, மூன்றாம் நாள் காலையில் டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை. வேறு வழி இல்லாமல் சாவி அவளிடம் வந்தது.

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை அவள் யாரிடமும் விவரித்துச் சொன்னதில்லை. கணவன் கேட்டபோது, "கை வலிக்குது" என்றாள். அவன் எண்ணெய் தேய்த்துவிட்டான். "சிரிச்சிக்கிட்டே வலிக்குதுங்கிறியே" என்றான்.

அந்த வண்டியில் சீட்டுக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு லிவர் உண்டு. லாக் என்பார்கள். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றும், மற்றவை சும்மா நிற்கும். லாக்கைப் போட்டால் ஆறும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும்; வண்டி சேற்றைத் தாண்டிவிடும். ஆனால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக. பூட்டிய சக்கரங்கள் அதற்கு இடம் கொடுக்காது. கெட்டித் தரையில் லாக்கை எடுக்காமல் வளைத்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் போகும், வண்டி நேரே போகும்.

ஐந்தாம் வளைவுக்கும் நாலாம் வளைவுக்கும் நடுவில் சேறு. சேறு முடிந்து பாறைத் தரை தொடங்கும் இடத்தில் லாக்கை எடுத்துவிட வேண்டும். இருபது நாளாக எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று எடுக்கவில்லை.

காலி வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் இதமாக இருந்தது. எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் காரணம். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாள், வண்டி கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தாள். ஓரத்துத் தடுப்புக் கற்கள் இரண்டு பெயர்ந்து கீழே போயின. அவை விழுந்து சேரும் சத்தம் வர நேரமாயிற்று. இடது முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. சிவப்புக் குமிழைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. அதைத் தொடாமல் ரிவர்ஸ் போட்டாள். தரையில் இருந்த ஐந்து சக்கரமும் சேர்ந்து அவளைப் பின்னால் இழுத்தன.

பம்பர் நசுங்கியிருந்தது. வேறு சேதம் இல்லை. ஆறு வருஷம் கொடி பிடித்து நின்ற வளைவு.

விபத்து என்றால் யார்டில் ஒரு நோட்டு உண்டு. தேதி, வண்டி, இடம், காரணம் என்று நாலு கட்டம். காரணம் என்ற கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டே போனால், உலகத்தில் டிரைவர்கள் தவறே செய்வதில்லை, மாடுகள்தான் செய்கின்றன என்று தோன்றும். மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடிக்கவில்லை. பனிமூட்டம். மணல். ஒருவன் 'சூரியன்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தான். யாரும் தன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதியதில்லை. எழுதினால் மலைப்பாதையிலிருந்து நீக்கிவிடுவார்கள். விதி அப்படி. அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தது.

சூப்பர்வைசர் பேனாவைக் கொடுத்தார். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்.

"லாக் விடலைன்னு எழுதிடும்மா. பழைய வண்டி. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க."

மெக்கானிக் வாசலில் நின்றுகொண்டிருந்தான். துணியில் கையைத் துடைத்தபடி, "எழுதுக்கா. நான் சரியா பாக்கலைன்னு சேத்து வேணாலும் எழுது. என்னை என்ன, தூக்கிலயா போடப் போறாங்க?" என்றான்.

"எழுதினா வண்டி என்ன ஆகும்?"

மெக்கானிக் துணியைத் தோளில் போட்டான். அவள் அவனையே பார்த்தாள்.

"லாக் கோளாறுன்னா மலைக்கு விட மாட்டாங்க" என்றான். "இதுக்கு பார்ட்ஸ் எங்கேயும் கிடையாது. வெட்டி எடைக்குப் போட்டுடுவாங்க."

"ஒழியட்டும்" என்றார் சூப்பர்வைசர். "உன் வேலை தப்பிக்குதுல்ல? தண்ணி லாரி இருக்கு. மலையில பேர் கெடாம இருக்கும்."

அவள் எழுதினாள். கட்டம் சிறியது, எழுத்துகளை நெருக்கிப் போட வேண்டியிருந்தது. 'லாக்கை எடுக்க டிரைவர் மறந்துவிட்டார். வண்டியில் குறை இல்லை.'

சூப்பர்வைசர் அதை இரண்டு தரம் படித்தார். அப்படி ஒரு வாக்கியத்தை அந்த நோட்டில் அவர் பார்த்ததே இல்லை.

"உனக்கென்ன பைத்தியமா? இனி நீ அந்த வண்டியைத் தொட முடியாது."

"தப்பு என்னோடது. வண்டி ஏன் சாகணும்?"

வீட்டில் கணவன் அன்று எண்ணெய் எடுக்கவில்லை.

"ஊரே மாடுன்னு எழுதுது. நீ மட்டும் என்ன, அரிச்சந்திரனுக்கு அக்காவா?"

"அரிச்சந்திரன் கடைசியில சுடுகாடு காத்தான். நான் ஒண்ணையும் காத்துக்கிட்டு உக்கார மாட்டேன். வண்டி ஓட்டுவேன்."

"எப்படி ஓட்டுவே? அதான் விதி போட்டு வச்சிருக்கானே."

மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னம்மா விதி? முழுசாச் சொல்லு" என்றாள். தாய் மனப்பாடமாகச் சொன்னாள். பதினைந்து வருஷமாகச் சம்பளத்துக்கு நிற்கும்போதெல்லாம் எதிரில் இருக்கிற தாள். 'விபத்து ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்தது எனில், அவர் மலைப்பாதைப் பணியிலிருந்து நீக்கப்படுவார். எனினும்.'

"எனினும்?"

"அவ்வளவுதான். தாள் முடிஞ்சுது."

"அதெப்படி எனினும்னு முடியும்?" என்றாள் மகள்.

கணவன் மனைவி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஒரு ஈரத்துணியோடு ஆபீசுக்குள் போனாள். சுவரில் இருந்த தாளின்மேல் துணியை விரித்து அழுத்தினாள். சூப்பர்வைசர் டீ டம்ளரோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்றே? சுத்தம் பண்றதுக்கு வேற ஆள் இருக்கு."

"ஊறணும் சார். பத்து நிமிஷம்."

ஓரத்திலிருந்து நகத்தால் நெம்பி உரித்தாள். பசை பழையது; பாதி சுவரில் தங்கியது. மறுபக்கத்திலும் அச்சு இருந்தது. யாரோ அதைச் சுவரோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அத்தனை வருஷமும் விதியில் பாதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான். எனினும், பொறுப்பு அலுவலர் வண்டியில் உடன் அமர்ந்து, அதே பாதையில், சுமையோடு ஏறியும் சுமையின்றி இறங்கியும் நடத்தும் மறுசோதனையில் தேறினால், அவர் அதே பணியில் தொடர்வார்.

"பொறுப்பு அலுவலர்னா யாரு?" என்று கேட்டாள்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்தான்.

முதல் நாள் மழை வரும்போல இருக்கிறது என்றார் சூப்பர்வைசர். வரவில்லை. இரண்டாம் நாள் முதுகுவலி. மூன்றாம் நாள் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்றார். அவள் தினமும் காலையில் வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். தண்ணி லாரியை எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. சம்பளம் பிடிப்போம் என்றார்கள்; பிடியுங்கள் என்றாள். லோடு ஏற்றிய ஆறு சக்கர வண்டி கிரேனுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. மலையுச்சியிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. இரும்பு எங்கே, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கத்தினார்கள். மற்ற டிரைவர்களைச் சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவனுக்குத் திடீரென்று கண் மங்கலாயிற்று. பிக்கப் ஆசைக்காரன், "ஆம்பளை வண்டி சார் அது. எனக்கு ரெண்டு வயசுல குழந்தை இருக்கு" என்றான்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஏறும்போது கால் எட்டவில்லை. மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளினான்.

"பெல்ட் எங்கே?"

"கிடையாது சார். பிடிச்சிக்கங்க."

"எதை?"

"அகப்பட்டதை."

ஏற்றம் எண்பது நிமிஷம். ஒவ்வொரு வளைவிலும் சூப்பர்வைசர் தரையில் காலை அழுத்தினார், அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல. உச்சியில் இரும்பை இறக்கும்போது ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சுற்றிலும் நின்ற கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார். அவர் அனுப்பியவை. "இவ்வளவு பெருசா இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இறக்கம். ஆறாம் வளைவு, ஐந்தாம் வளைவு, சேறு. லாக்கைப் போட்டாள். வண்டி முனகிக்கொண்டு சேற்றைக் கடந்தது. பாறைத் தரை தொடங்கியதும் நிறுத்தினாள். நாற்பதடி முன்னால் நாலாம் வளைவு; பெயர்ந்த கற்கள் இருந்த இடத்தில் இடைவெளி. சிவப்புக் குமிழைப் பிடித்துத் தள்ளினாள்.

வரவில்லை.

மறுபடி தள்ளினாள். லிவர் கல்போல நின்றது.

சூப்பர்வைசர் இடைவெளியைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் உடனே ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியா! விடலை! அன்னிக்கும் இதுதான் நடந்திருக்கு. நீ எடுத்திருப்பே, அதுதான் விடலை. உன் தப்பே இல்லைம்மா. நானே சாட்சி. இறங்கி நடந்து போயிடலாம். நோட்டை மாத்தி எழுதிக்கலாம். உன் பேரும் கெடாது."

எளிதான வழி. அவர் பொய்யும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவளுக்கு வேலை மிஞ்சும். அவருக்கு நடந்து இறங்கும் பாதை மிஞ்சும். வண்டி அங்கேயே நிற்கும், வெட்டுகிற ஆட்கள் வரும்வரை.

"அன்னிக்கு நான் அதுல கையே வைக்கலை சார்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே."

அவர் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"இறங்கிட்டீங்கன்னா சோதனை செல்லாது. உக்காருங்க. இது கோளாறு இல்லை. பூட்டின சக்கரம் இறுகிக்கிட்டிருக்கு. ரெண்டடி பின்னால போனா விட்டுடும்."

"பின்னாலயா? மேட்டுலயா? அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையேம்மா!"

"அந்தப் பக்கம் பாக்காதீங்க. பாறையைப் பாருங்க."

ரிவர்ஸ் போட்டாள். வண்டி நடுங்கியது. பின்சக்கரங்கள் சேற்றின் ஓரத்தை மிதித்தன. வண்டி ஓரடி ஏறியது. மண் சரசரவென்று கீழே உதிர்ந்தது. சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டு சாமியையும் மனைவியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். இன்னும் ஓரடி. அடியில் எங்கேயோ இரும்பு நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. குமிழைத் தொட்டாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல நகர்ந்தது.

நாலாம் வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். தோள்பட்டை இழுத்தது. வண்டி திரும்பியது.

"முடிஞ்சுதா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் மூணு வளைவு இருக்கு."

யார்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அவள் கணவன் கையில் டயர் நெம்பும் கம்பியோடு முன்னால் நின்றான், யாரையோ அடிக்கப் போகிறவன்போல. சூப்பர்வைசர் இறங்கினார். கொஞ்ச நேரம் தரையில் நின்று, அது அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்தார். அவள் எதிரில் நின்றாள். கைகள் இரண்டும் கருத்திருந்தன.

அவர் நெடுநேரம் எழுதினார். எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பினார். 'மறுசோதனை நடத்தப்பட்டது. தேறினார். வண்டியில் குறை இல்லை.' அதற்குக் கீழே, காரணம் என்ற கட்டத்தில், ஒரே ஒரு சொல்: பிடிவாதம்.

"பிடிவாதம்னு எழுதியிருக்கீங்க."

"தப்பா?"

"இல்ல. கீழே கையெழுத்துப் போடுங்க."